ஒன்பது மணிக்குத் தறி நிற்கும்

காலையில் எழுந்ததும் பிறத்தியார் உயிரோடு இருக்கிறார்களா என்று விசாரிப்பதுதான் என் வேலை. நகரியில், தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு உதவி செய்கிற சின்னச் சங்கம் ஒன்றில் இருக்கிறேன். பென்ஷனை வார்டு ஆபீஸான சச்சிவாலயத்து ஆட்கள் மாதப் பிறப்பில் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிடுகிறார்கள். மாத்திரைக்கு நர்ஸம்மா வருவார். மிச்ச நாளெல்லாம் எங்கள் பங்கு. மதியச் சாப்பாடு கொண்டுபோவோம், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போவோம், தினமும் காலையில் ஃபோன் செய்வோம். எடுத்தால் இருக்கிறார் என்று அர்த்தம். எடுக்காவிட்டால் நான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நானும் ஒற்றை அறையில் தனியாகத்தான் இருக்கிறேன். ஆனால் இன்னும் அறுபது ஆகாததால் எனக்கு யாரும் ஃபோன் செய்வதில்லை.

இதில் ஃபோனை எடுக்கவே எடுக்காத பெரியவர் ஒருவர் இருந்தார். திமிர் ஒன்றும் இல்லை. வாழ்நாளெல்லாம் விசைத்தறியில் நின்றவர், காது போய்விட்டது. தறிக்கொட்டகையில் வேலை செய்தவர்கள் எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வார்கள். அவரும் அப்படித்தான். ஃபோனுக்கு உதடு கிடையாது. மகள் ஆசையாக வாங்கிக் கொடுத்த அந்த ஃபோன் அலமாரியில் பூப்போட்ட துணியின் மேல் இருந்தது. தினமும் துடைத்து வைப்பார்.

மகள் சூளூர்பேட்டையில் இருந்தாள். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று தூக்கம் வராமல் என்னைத்தான் பிடுங்கி எடுப்பாள். திருப்பதியில் மலையடிவாரத்து அலிபிரிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் பார்த்து வைத்திருந்தாள். சுத்தமான இடம், ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்றாள். நகரியிலும் ஜன்னலைத் திறந்தால் மலைதான் தெரியும், அதுவும் மல்லாந்து படுத்த முகம் மாதிரி மூக்கு வைத்த மலை. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. பெரியவர் தன் வீட்டை விட்டு வர முடியாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருந்தார். அவர் எதைச் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும்.

ஒருநாள் காலை அவர் வீட்டுக் கதவைத் தட்டிக் கை வலித்துவிட்டது. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. கதவை உடைக்க ஆள் தேடலாம் என்று திரும்பினேன். அப்போது கரண்ட் போயிற்று. பக்கத்துக் கொட்டகையில் ஓடிக்கொண்டிருந்த தறியெல்லாம் நின்றது, தெருவே அமைதியானது. உடனே கதவு திறந்தது. பெரியவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, கரண்ட் பூடிச்சா என்று கேட்டார்.

அவர் வீட்டுக்கும் கொட்டகைக்கும் ஒரே சுவர். தறி ஓடினால் சுவர் அதிரும், கட்டில் அதிரும், அதில்தான் அவருக்குத் தூக்கம். அதிர்வு நின்றால் எழுந்துவிடுவார். தறியில் ஏதோ கோளாறு என்று உடம்பே சொல்லுமாம். இது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவில்லையாம்.

கொட்டகைக்காரரிடம் போய், தினமும் ஒன்பது மணிக்குத் தறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று கேட்டேன். ஒரு மனுஷன் எழுந்திருக்க நான் தறியை நிறுத்துவதா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். நடுவில் நிறுத்தி ஓட்டினால் துணியில் கோடு விழும் என்றார். பிறகு, டீ குடிக்க எப்படியும் நிற்கத்தான் வேண்டும் என்று அவரே இறங்கி வந்தார். மறுநாளிலிருந்து ஒன்பது மணிக்குத் தறி நிற்கும், பெரியவர் வாசலுக்கு வருவார், எதிரே நிற்கும் என்னைப் பார்த்துக் கையை ஆட்டுவார். நானும் ஆட்டுவேன். தறி மறுபடி ஓடும்.

திருப்பதியில் இருந்த எங்கள் மேலதிகாரிக்கு இது பிடிக்கவில்லை. ஃபோனை எடுப்பதுதான் சிஸ்டம், தறி சிஸ்டத்தில் இல்லை என்று தெலுங்கில், மிகுந்த மரியாதையோடு சொன்னார். ஃபோன் எடுக்காதவர் தனியாக இருக்கக் கூடாது என்று மகளுக்கும் தெரிவித்துவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அன்று மதியச் சாப்பாட்டுக் கேரியரெல்லாம் அடி வாங்கின. மகளை அழைத்து, ஒரு காலை நேரில் வந்து பார், அப்புறம் முடிவு செய் என்று கெஞ்சினேன். அவள் வருகிறேன் என்றாள். கையோடு வண்டியும் கொண்டுவருவதாகச் சொன்னாள்.

அவள் வருகிற நாளில் எனக்குக் காய்ச்சல். முந்தின நாளே உடம்பு அடித்துப்போட்ட மாதிரி இருந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தவள் விடிந்ததே தெரியாமல் கிடந்தேன். ஃபோன் சார்ஜ் இல்லாமல் எப்போதோ அணைந்திருந்தது.

நடந்ததை மகள் பிறகு சொன்னாள். ஒன்பது மணிக்குத் தறி நின்றது. அப்பா வெளியே வந்தார். மகளைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், நான் வழக்கமாக நிற்கிற இடத்தைப் பார்த்தார். அந்தம்மா எங்கே என்று கேட்டார். காலையிலிருந்து கூப்பிடுகிறேன், ஃபோனை எடுக்கவில்லை என்று அவள் உதட்டை அசைத்துச் சொன்னாள். அவர் சட்டைகூடப் போடாமல் நடக்க ஆரம்பித்துவிட்டார். மகள் பின்னால் ஓடினாள். வண்டி அதற்குப் பின்னால் வந்தது.

என் கதவை அவர் தட்டிய தட்டலும் போட்ட சத்தமும் பாகாலா வரை கேட்டிருக்கும். எப்படியோ எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தேன். வெற்று மேலோடு, மூச்சு வாங்க நின்றுகொண்டிருந்தார். பின்னால் மகள். அதற்கும் பின்னால், எங்கள் தெருவில் பாதிப் பேர்.

என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். பிறகு மகள் பக்கம் திரும்பினார்.

"இந்தம்மாவும் போன் எடுக்கல. தனியாத்தான் கீது. வண்டி சும்மாத்தான நின்னுக்கினு கீது, அலிபிரிக்கு இத்த இட்டுக்கினு போ."

எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. என் கதவை யாரோ அப்படித் தட்டி எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மகள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு டிரைவரிடம் போய் ஏதோ சொன்னாள். வண்டி காலியாகத் திரும்பிப் போயிற்று. அவள் உள்ளே வந்து, அரிசி எங்கே இருக்கிறது என்று கேட்டாள், கஞ்சி வைக்க.

இப்போதும் ஒன்பது மணிக்குத் தறி நிற்கிறது. நாங்கள் இரண்டு பேரும் கையை ஆட்டுகிறோம். முதலில் ஆட்ட வேண்டியது நான் என்று பெரியவர் சொல்லிவிட்டார்.