தறிகள் நின்ற அரை மணி நேரம்

கல்லூரிக் கடைசி வருஷம் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் புராஜெக்டைக் கடையில் வாங்கினார்கள். சிடி, ரிப்போர்ட், வைவாவில் கேட்கக்கூடிய கேள்விகளுக்குப் பதில் எல்லாவற்றையும் பைண்டு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். நானும் என் தோழியும் விசாரிக்கத்தான் போனோம். "பொம்பளப் புள்ளைங்களுக்கு எதுக்கும்மா ரிஸ்க்கு, பேசாம வாங்கிட்டுப் போங்க" என்றார் அங்கிருந்தவர். அவர் சொன்ன விதம் பிடிக்கவில்லை. வெளியே வந்து படியிறங்கும்போதே நாமே செய்வது என்று முடிவாகிவிட்டது.

எங்களுக்கு ஓர் ஆசை இருந்தது. ஒருத்தர் நடப்பதையும் கை வீசுவதையும் கேமராவில் பிடித்து, கம்ப்யூட்டரில் ஒரு குச்சி மனிதனை அதே மாதிரி நடக்கவைக்க வேண்டும். வெளிநாட்டில் இதற்கென்று பெரிய கருவிகள் இருந்தன. எங்களிடம் இருந்தவை இரண்டு வெப்கேம்கள்.

டிவி ரிமோட்டில் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் தரும் பல்புகளை வாங்கி லென்ஸைச் சுற்றி வளையமாகப் பற்றவைத்தோம். மற்ற வெளிச்சத்தைத் தடுக்க, ஸ்டூடியோவில் கழுவிப்போட்ட கலர் நெகட்டிவின் கறுத்த முனையைக் கேட்டு வாங்கி லென்ஸ் மேல் ஒட்டினோம். அந்த வெளிச்சம் பட்டுத் திரும்ப, தெர்மாகோல் உருண்டைகளில் வண்டி நம்பர் பிளேட்டுக்கு ஒட்டும் ரேடியம் ஸ்டிக்கரைச் சுற்றினோம். தோழி கறுப்புச் சட்டையும் பேண்ட்டும் போட்டு, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் என்று பதினைந்து உருண்டைகளை ஒட்டிக்கொண்டு நின்றாள். திரையில் பதினாறு புள்ளிகள் தெரிந்தன. பதினாறாவது அவளுடைய மூக்குத்தி.

வெயில் பட்டால் கேமரா குழம்பிவிடும். அதனால் செல்லூரில் அவள் அப்பாவின் விசைத்தறிக் கூடத்தை ஒட்டிய, ஜன்னல் இல்லாத நூல் குடோன்தான் எங்கள் ஆய்வுக்கூடம். திருநகரிலிருந்து ஞாயிறு தவறாமல் இரண்டு பஸ் மாறிப் போவேன். கை இடுப்பைக் கடக்கும்போது ஒரு புள்ளி மறைந்து, திரும்பி வரும்போது வேறு புள்ளியோடு பெயர் மாறிவிடும். குச்சி மனிதனின் முழங்கை இடுப்பில் முளைக்கும். ஒரு நாள் பஸ்ஸில் போகையில், லாரிக்குப் பின்னால் மறைந்த சைக்கிள்காரர் எங்கே வெளிப்படுவார் என்று என் கண் முன்கூட்டியே போய் நின்றதைக் கவனித்தேன். போன வேகத்தை வைத்துப் புள்ளியையும் அப்படித் தேடலாமே! அன்றே அதைப் புரோகிராமில் எழுதினேன். முழங்கை அதன் இடத்துக்கு வந்தது.

ஆனால் குச்சி மனிதன் குளிர்ஜுரம் வந்தவன் மாதிரி நடுங்கினான். எங்கள் கணக்கில் தப்பில்லை. பக்கத்தில் தறி ஓடினால் சுவரே அதிரும், சுவரில் மாட்டிய கேமராவும் அதிரும். கரண்ட் போனால் தறி நிற்கும், ஆனால் கம்ப்யூட்டரும் நின்றுவிடும். வேறு வழியில்லாமல் அவள் அப்பாவிடம் போய் நின்றோம். அவர் மகளிடம் வீட்டில் பேசும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"எம்புட்டு நேரம்மா நிறுத்தணும்?"

"அரை மணி நேரம்ப்பா."

அவரே போய்த் தறிகளின் மெயினை மட்டும் இறக்கினார். எனக்கு அந்தத் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து அதற்கு முன் நினைவில்லை.

கம்ப்யூட்டர் முன்னறையில் இருந்தது. தோழி குடோனுக்குள் நடந்தாள். நடுக்கமில்லாமல், கறுப்புத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் நடந்தன. வேலை நின்றதால் எட்டிப் பார்க்க வந்தவர்களில், தறி ஓட்டும் அக்கா ஒருத்தி திரையை உற்றுப் பார்த்தாள்.

"இது நம்ம பாப்பால்ல?"

"எப்படிக்கா தெரியும்? மூஞ்சியே இல்லையே!"

"வலது தோள ஒசத்தித்தான நடக்கும் அது. சின்னப் புள்ளையிலருந்து பாக்குறேன், தெரியாதா?"

அவள் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "எனக்கும் ஒட்டுங்க" என்றார். ஒட்டினோம். அவருக்குப் பின் அந்த அக்காவும் நடந்தாள். அரை மணி ஒன்றரை மணி ஆனது. யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வைவாவுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ரிப்போர்ட்டைப் புரட்டியபடி, "எந்தக் கடையில வாங்குனது?" என்றார்.

"நாங்களே செஞ்சது சார்." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

அவர் நம்பவில்லை. உருண்டைகளை ஒட்டிக்கொண்டு நின்ற தோழியிடம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். புள்ளி மறைந்தது, சரியான இடத்தில் திரும்பி வந்தது. மூன்று தடவை செய்யச் சொன்னார். நான்காவது தடவை அவரே எழுந்து வந்து நின்று பார்த்தார். ரிப்போர்ட்டில் எழுத்துப்பிழை மலிந்திருந்ததால் முதல் மதிப்பெண் எங்களுக்கு இல்லை. அன்று அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் என் மடியில் கம்ப்யூட்டர், அவள் மடியில் உருண்டைப் பை. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, கொலுவுக்கா?" என்று கேட்டார். தோழி ஒரு உருண்டையை எடுத்து அவர் முழங்கையில் வைத்துக் காட்டி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். யானைக்கல் ஸ்டாப் வந்தபோது முன்சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.