பாலத்துக் கைப்பிடியில் காய்ந்த துணி

என் கணவர் தையற்காரர். ஆனால் கடையில் அவரைப் பார்த்தவர்களைவிட ஆற்றங்கரையில் பார்த்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள். நடைபாலத்தில் தொடங்கிப் பழைய பம்ப் அறை வரைக்கும் ஆற்றை ஒட்டி ஓர் ஒற்றையடிப் பாதை போகிறது. அதைப் பார்த்துக்கொள் என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. துணி வெட்ட உதவாமல் மொக்கையாகிப்போன கத்தரிகளை எடுத்துக்கொண்டு விடிந்ததும் போவார். பாதைக்கு நீட்டிய முள்ளை வெட்டுவார், சகதியான இடங்களில் தட்டைக் கல் பதிப்பார். "கத்தரிக்கும் ரிட்டயர்மெண்ட் உண்டு. சும்மா வீட்ல உக்காந்தா துருப்பிடிச்சிடும்" என்பார்.

ஆற்றின் முதல் வளைவுக்குக் காலர் என்று பெயர் வைத்திருந்தார். அடுத்த வளைவு முழங்கை. தண்ணீர் ஓடாமல் தேங்கி நிற்கிற இடம் பாக்கெட். "இன்னிக்குப் பாக்கெட்ல ரெண்டு மீன்கொத்தி" என்று காலையில் வந்து சொல்வார். கேட்கிறவர்கள் சட்டைப்பையைத்தான் பார்ப்பார்கள். நான் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்தேன். விடுமுறை நாட்களில் அவரோடு போவேன். பாக்கெட் ஓரத்துக் கல்லில் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, தண்ணீரில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். கடையில் வாய் ஓயாத மனிதர்.

மழைத் தண்ணீரில் மேலேயிருந்து துணிகள் அடித்துக்கொண்டு வரும். திரைச்சீலை, ஒற்றைக் காலுறை, பள்ளிச் சட்டை. மரவேர்களில் சிக்கிக்கொள்ளும். கொக்கி மாட்டிய ஒரு திரைச்சீலைக் கம்பியால் அவற்றை இழுத்தெடுப்பார். அதில் பாதி அவரே தைத்ததாக இருக்கும். அக்குளில் மட்டும் மூன்று வரிசை தையல் ஓட்டுகிற பழக்கம் அவருக்கு. அதைத் தடவிப் பார்த்துத் தன் தையல் என்று தெரிந்துகொள்வார், அளவை வைத்து யாருடையது என்றும் சொல்லிவிடுவார். முதலில், தொலைத்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் பாலத்துக் கைப்பிடியில் போட்டுவைத்தார். பிறகு எப்போதோ அது தண்டனையாக மாறியது. "ஆத்துல தூக்கிப் போட்டா ஊரே பார்க்கும்னு ஒரு பயம் வேணும்" என்றார். வேலைக்குப் போகிறவர்கள் எல்லோரும் கடந்தாக வேண்டிய பாலம் அது. அதன் தலைமாட்டில் முடிதிருத்துகிறவரின் கடை. அவர் ஒலிபெருக்கி இல்லாத ஒலிபெருக்கி.

"பேக்கரிக்காரர் வீட்டுத் திரைச்சீலை இன்னிக்குப் பாலத்துல காத்து வாங்குது! வந்து பாருங்க!"

பேக்கரிக்காரர் கடை அடைத்த பிறகு வந்து அதைச் சுருட்டிக்கொண்டு போனார். ஆறு சுத்தமாகிறது என்று என் கணவருக்குப் பெருமை. அதில் எனக்கும் பங்கு உண்டு.

ஒருமுறை காலரில் குனிந்தபோது அவருடைய மூக்குக்கண்ணாடி தண்ணீரில் விழுந்து போய்விட்டது. அதிலிருந்து ஆற்றுக்குப் போகும்போது புதுக் கண்ணாடியைத் தையல் மெஷினின் இழுப்பறையிலேயே விட்டுவிட்டுப் போவார். ஒரு மழைக்காலத் தொடக்கத்தில், முழங்கையில் ஒரு மூட்டை சிக்கியிருந்தது. ஒரு படுக்கை விரிப்பு, உள்ளே மூன்று துணிகள். கறையும் நாற்றமும். அவருக்குக் கோபம் தலைக்கேறியது. யாருடையது என்று தடவிக்கூடப் பார்க்காமல், எல்லாவற்றையும் நன்றாக விரித்துக் கைப்பிடியில் வரிசையாகப் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

மதியம் நான் சாப்பிட வீட்டுக்குத் திரும்பியபோது பாலத்தில் சிறு கூட்டம். அவரும் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தார், யாராவது வந்து எடுத்தார்களா என்று பார்க்க. இந்த முறை கண்ணாடி போட்டிருந்தார். துணியை நெருங்கியவர் அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் நான் துணியைப் பார்த்தேன். மஞ்சள் பூப்போட்ட நைட்டிகள். முதுகுப்பக்கம் முழுக்கத் திறந்து, நாடா வைத்துக் கட்டுகிற மாதிரி தைத்தவை.

ஊரில் அப்படித் தைத்துக்கொண்டவர் ஒருவர்தான். பஸ் டிரைவரின் அம்மா. விழுந்து இடுப்பு முறிந்த பிறகு படுக்கையிலேயே இருந்தவர். இவர் அளவெடுக்கப் போனபோது வெள்ளைத் துணியைத் தள்ளிவிட்டு, "பூப்போட்டதா எடுப்பா. படுத்துக் கெடந்தாலும் நான் பொம்பளைதானே" என்று சொல்லியிருந்தார். நாள் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர் இவர்.

அந்த நேரம் பார்த்து டிரைவர் சீருடையில், கையில் சாப்பாட்டுப் பையோடு, மதிய ஷிப்டுக்குப் போகப் பாலத்தில் ஏறினான். துணியைப் பார்த்தான். கால் நின்றுவிட்டது.

முடிதிருத்துகிறவர் கையில் சீப்போடு கடை வாசலில் இருந்து கேட்டார்: "டிரைவரு, நாடா வச்ச நைட்டி எல்லாம் யாரு போடுவா? உங்க பக்கத்துல எங்கியோ பார்த்த மாதிரி இருக்கே?"

டிரைவர் சாப்பாட்டுப் பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"அது எங்க வீட்டுது" என்றார் என் கணவர்.

"உங்க வீட்டுதா? நீங்களே தொங்கவிட்டீங்களா?"

"கண்ணாடி போடல. தெரியல."

"அட! போலீஸ்காரர் வீட்லயே திருட்டா! யாருக்குண்ணே, உங்களுக்கா, அக்காவுக்கா?"

ஒரு கணம்தான் தாமதித்தார். "எனக்குத்தான்யா. வயசாகுதுல்ல."

பாலமே சிரித்தது. நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் பள்ளியில் வேலை பார்க்கிற இரண்டு பேர் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அவர் ஒவ்வொரு துணியாக எடுத்து மடித்துக் கையில் போட்டுக்கொண்டார். டிரைவர் குனிந்த தலையோடு அவரைக் கடந்து போனான்.

வீட்டுக் கதவைச் சாத்தியதும் கேட்டேன். "என்னங்க இது? எனக்குத்தான்னு சொல்லிட்டு வந்து நிக்கிறீங்க?"

"பின்ன, உனக்குன்னா சொல்ல முடியும்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கும்தான்.

அன்று ராத்திரி, நாங்கள் கடை அடைக்கிற நேரத்தில், டிரைவர் கடையின் பின்வாசல் வழியாக வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் தூக்கி எறியலண்ணே. வீட்டு ஓனரு நாத்தம்னு மாடியில துவைக்க, காயப்போட விடமாட்டேங்கிறாரு. அதான் ஆத்துல அலசிட்டு இருந்தேன். கல்லு வச்சு ஊறப் போட்டுட்டு, அம்மாவுக்கு டீ குடுத்துட்டு வரலாம்னு போனேன். திரும்பி வந்தா தண்ணி ஏறி மூட்டையக் காணோம்."

"டேய், நான்தான்டா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. மெஷின் மேல் இருந்த நூல்கண்டை நகர்த்தி நகர்த்தி வைத்தார்.

"அம்மாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுண்ணே. பாலத்துல தொங்குச்சுன்னு காதுல விழுந்தா, அது அதோட சாப்பாட்டை நிறுத்திடும். ஏற்கெனவே எனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு தண்ணி குடிக்க மாட்டேங்குது."

"தெரியாது. அது எங்க வீட்டுத் துணி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆத்துல அலசாத, தண்ணிக்கும் கேடு. எங்க வீட்ல துவை. எங்க மாடியில காயட்டும். யாரு கேக்கப்போறா? ஊருக்கே தெரியும் அது என்னுதுன்னு."

டிரைவர் சிரித்துவிட்டான். சிரித்துக்கொண்டே சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

அன்றிலிருந்து அந்தப் பூக்கள் எங்கள் மாடியில் காய்ந்தன. தெருவைப் பார்த்த கொடியில் படுக்கை விரிப்புகளை இழுத்துப் போட்டு, அதற்குப் பின்னால் உள்ள கொடியில் நைட்டிகளைப் போடுவேன். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார்.

ஆனால் அவர் ஆற்றுக்குப் போவதை நிறுத்திவிட்டார். கடை திறக்கப் போகும்போதெல்லாம் முடிதிருத்துகிறவர், "டெய்லரே, நேத்து ராத்திரி உங்க வீட்ல மட்டும் மழையாமே?" என்பார். இவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். கேலிக்குப் பயந்துதான் ஆற்றுப்பக்கம் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் தலைநிமிராமலே சொன்னார்.

"அந்தப் பள்ளிக்கூடச் சட்டை ஞாபகம் இருக்கா? மூணு நாள் தொங்குச்சு. யாரும் வந்து எடுக்கல. அது கொடியிலேர்ந்து காத்துல பறந்துகூட வந்திருக்கலாம்ல? வேற சட்டை இல்லாத வீடா இருந்தா? இத்தன வருஷம் எத்தன பேரை அப்படிக் காயப் போட்டிருக்கேன். ஒருத்தரைக்கூடக் கேட்டதில்ல. இப்ப அந்தக் கைப்பிடியைத் தாண்டி எப்படி நடக்கிறது?"

அந்த மழைக்காலம் முழுக்க முள் தன் இஷ்டத்துக்கு வளர்ந்தது. காலரில் பாதை மூடிவிட்டது என்று நடக்கப் போகிறவர்கள் வந்து கடையில் சொன்னார்கள். "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு மெஷினை மிதித்தார். கத்தரிகள் நிஜமாகவே துருப்பிடித்தன.

டிரைவருக்கு இரட்டை ஷிப்டு விழுந்த ஒரு நாள், காய்ந்த நைட்டிகளை நானே எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா ஜன்னல் பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தார். என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஏம்மா, டெய்லருக்கு உடம்புக்கு முடியலயாமே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "படுக்கையெல்லாம் நனையுதாமே. கீழ் வீட்டுப் பொண்ணு சொல்லிச்சு. ஊரே சிரிக்குதாம்."

எனக்குக் காது மடல் சுட்டது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"வெக்கப்பட வேணாம்னு சொல்லு. வர்றதுதான். எனக்கு வரலியா? அவரு ஆம்பள, பாவம், யாருகிட்ட சொல்லுவாரு?" மடித்து வைத்த நைட்டிகளில் மேலே இருந்த இரண்டைத் தடவி எடுத்து என் மடியில் வைத்தார். "இதைக் கொண்டுபோய்க் குடு. பூப்போட்டிருக்குன்னு யோசிக்க வேணாம். உள்ள படுத்திருக்கும்போது யாரு பார்க்கப்போறா?"

கடைக்கு நேராகப் போய், கட்டிங் மேஜை மேல் அந்த இரண்டையும் வைத்து, அந்த அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது.

"என்ன சொன்னாங்க? திரும்பச் சொல்லு."

திரும்பச் சொன்னேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி சிரித்தார், மறுபடி துடைத்தார். அப்புறம் சிரிப்பு இல்லை, துடைப்பது மட்டும் இருந்தது. அன்று அந்தச் சட்டையை முடிக்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் கத்தரிக்கு எண்ணெய் போட்டார். கண்ணாடியை எலாஸ்டிக் நாடாவால் பின்தலையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். பாலத்தைத் தாண்டும்போது நானும் கூட இருந்தேன். கைப்பிடியைத் தொடாமல், நடுவில் நடந்தார். அதற்குப் பிறகு ஆற்றில் வந்த துணி எதையும் அவர் யாருக்கும் காட்டவில்லை. பைக்குள் போட்டு எடுத்துவந்து துவைத்து மடித்து, அடையாளம் தெரிந்தால், தைக்கக் கொடுத்த மற்ற துணிகளோடு சேர்த்து உரியவர் கையில் கொடுத்துவிடுவார். "கடையில் விட்டுட்டுப் போயிட்டீங்க" என்பார்.

அந்த அம்மா அடுத்த மழைக்கு இல்லை. கடைசிவரை அவருக்கு உண்மை தெரியாது.

இந்த ஆண்டு இவரும் போய்விட்டார். நெஞ்சு வலி, ஒரே இரவு. வந்தவர்களில் முடிதிருத்துகிறவர் உண்மையாகவே அழுதார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம், "தங்கமான மனுஷன். அந்தப் பிரச்சினை வேற இருந்துச்சு, பாவம். நான் வேற ரொம்பக் கிண்டல் பண்ணிட்டேன்" என்றார். டிரைவர் என்னருகே வந்து குனிந்தான்.

"சொல்லிடட்டுமாக்கா? அம்மாதான் இல்லையே."

"வேணாம். அவரு சொன்னபடியே இருக்கட்டும்" என்றேன். அதைச் சொல்லும்போதுகூட என் முகம் சூடாகத்தான் இருந்தது.

இப்போது பாதைக்கு நான் போகிறேன். முள் வெட்டுவதில் அவருடைய வேகம் எனக்கு வராது. போன வாரம் முழங்கையில், வேரில் சுற்றிக்கொண்டு ஒரு குழந்தைச் சட்டை கிடந்தது. கொக்கியால் இழுத்து, அக்குளைத் திருப்பிப் பார்த்தேன். மூன்று வரிசை. நூல் இன்னும் ஓர் இடத்தில்கூட விட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கல்லில் உட்கார்ந்துவிட்டேன். யாருடையது என்று சொல்ல எனக்குத் தெரியாது. அவர் இருந்தால் சொல்லியிருப்பார்.

வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்தேன். மண் கறை முழுதாகப் போகவில்லை. தெருவைப் பார்த்த கொடியில், முன்னால், மறைப்பு இல்லாமல், எங்கள் வீட்டுத் துணியாகப் போட்டேன். கிளிப் மாட்டுவதற்கு முன்னால் கீழே யாராவது பார்க்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.