லண்டன் வந்த பாணிப் போத்தல்

இந்த ஊரில் டொக்டரிடம் போனால் வெறுங்கையோடு திரும்பி வரலாம். வந்த முதல் குளிர்காலத்தில் எனக்கு விடாத இருமல். எங்கள் தெரு டொக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, வெறும் சளியும் தடிமனும்தான், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்றார். நான் எழும்பவில்லை. "ஊசி?" என்று கேட்டேன். பயந்துவிட்டேன் என்று நினைத்து அவர் என் தோளைத் தட்டினார். "கவலைப்படாதீர்கள், ஊசியெல்லாம் இல்லை." ஆறுதல் சொல்கிறாராம்! தண்ணீர் குடிக்கச் சொல்ல ஒரு டொக்டரா? அதற்கு எங்கள் கிணற்றடியே போதும்.

இலங்கையில் எங்கள் ஊரான செட்டிபாளையத்தில் இப்படிச் சொல்லிப் பிழைக்க முடியாது. புதிதாக வந்த இளம் டொக்டர் ஒருவர் சொல்லிப் பார்த்தார். எங்கள் மகள் ரோசி அப்போது கைக்குழந்தை. மூக்கொழுகுகிறதென்று கொண்டுபோனோம். "மருந்து தேவையில்ல, தானா மாறிடும்" என்றார். என் மனைவி பிலோமினா அவர் வாசல் படலையிலேயே வெடித்தாள். "மருந்து தரத் தெரியாத மனிசன் என்னத்துக்கு டொக்டரெண்டு போட் மாட்டி வெச்சிருக்கார்?" ஊரும் அதையே கேட்டது. அந்த மனிதர் கொஞ்சக்காலம் ஈ ஓட்டிவிட்டுப் பெட்டியைக் கட்டினார்.

நாங்கள் பஸ் ஏறி டவுன் டொக்டரிடம் போனோம். கைராசிக்காரர். வாசல் நிறையச் செருப்பு. பெரியவர்களுக்கு ஊசி, குழந்தைகளுக்கு மஞ்சள் பாணி, தேன்போல இனிக்கிற மருந்து. இருமலா, பாணி. வயிற்றோட்டமா, பாணி. பல் முளைக்கிற காய்ச்சலா, அதற்கும் அதே பாணிதான். "முழுப் போத்தலும் குடுங்க, மறுகா வந்து இன்னொண்டு எடுங்க" என்பார். ரோசி இனிப்பென்று கரண்டியை நக்குவாள். அந்த டொக்டரை நாங்கள் கும்பிடாத குறை.

லண்டனில் ரோசிக்குப் பால்பல் விழுந்து முன்பல் முளைத்தது. முளைக்கும்போதே மஞ்சள், நடுவில் பழுப்புப் பட்டை. உப்பு, கரி, பற்பசை எல்லாம் தேய்த்துப் பார்த்துவிட்டு, வெட்கத்தை விட்டு அந்தத் தண்ணீர் டொக்டரிடமே போனோம். அவர் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். "சின்ன வயதில் மஞ்சள் பாணி குடித்தாளா?"

"நிறைய! எங்கள் டொக்டர் ஒரு குறையும் வைக்கவில்லை" என்றேன். பாராட்டப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது டெட்ராசைக்கிளின் என்ற கிருமிகொல்லி மருந்து, ஈறுக்குள் வளர்கிற பல்லிலேயே ஊறிவிடும், தேய்த்தால் போகாது என்றார். எனக்கு அழுகை வந்தது.

போன கிழமை பிலோமினாவின் தம்பி ஊரிலிருந்து வந்தான். பெட்டிக்குள் இறால் கருவாடு, அதனடியில் துணியில் சுற்றிய மஞ்சள் பாணிப் போத்தல். டவுன் டொக்டர் ரோசிக்கென்று பிரியமாகக் கொடுத்தனுப்பினாராம். சுவரில் மாட்டியிருந்த பள்ளிக்கூடப் படத்தை அவன் உற்றுப் பார்த்தான். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பல் தெரியச் சிரிக்கிறார்கள். எங்கள் ரோசி மட்டும் உதட்டை இறுக்கி மூடியிருக்கிறாள்.

"என்ன அத்தான், மருமகள் சிரிக்கவும் மறந்திட்டாளா? நம்மட ஊரை அடியோட மறந்திட்டாள் போல!"

குசினியில் பிலோமினா போத்தலைக் கவிழ்த்துக் கொட்டும் சத்தம் கேட்டது. மாமன் சொன்னதைக் கேட்டு ரோசி சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு.