கறைக்காரியின் ஏழு நாள் சுத்தம்

சலவை ஆலையில் எல்லோரும் அவளைக் கறைக்காரி என்றே கூப்பிட்டார்கள். ஹோட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வண்டி வண்டியாக வந்து இறங்கும் விரிப்புகளைத் தொட்டுப் பார்த்தே இது காபி, இது துரு, இது உதட்டுச்சாயம் என்று சொல்லிவிடுவாள். புருஷன் சட்டைக் காலரைப் பார்த்தே அவன் மத்தியானம் எங்கே சாப்பிட்டான், யாரோடு சாப்பிட்டான் என்று கண்டுபிடித்துவிடுவாள் என்று மற்றவர்கள் கேலி பேசுவார்கள். ரத்தக்கறை வந்தால் மட்டும் யாரையும் பக்கத்தில் விடமாட்டாள். "பச்சத்தண்ணி மட்டும்தான். வெந்நீரை ஊத்தின, அது நூலோட நூலா ஒட்டிக்கும். அப்புறம் கடவுளே வந்தாலும் எடுக்க முடியாது" என்பாள்.

ஊரார் துணியை வெளுத்தவளுக்குத் தன் கையை மட்டும் வெளுக்கத் தெரியவில்லை. இரண்டு கையும் மணிக்கட்டு வரை சிவந்து, வெடித்து, செதில் செதிலாக உதிரும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்தால் பக்கத்துக் கை நகர்ந்து போகும். பேரக் குழந்தையைத் தூக்கப் போனால் மருமகள் ஒரு துண்டை எடுத்து நீட்டுவாள், கையைச் சுற்றிக்கொண்டு தூக்கச் சொல்லி. தோல் டாக்டர் ஒருவர், "ஒரு மாசம் பிளீச்சில கை வைக்காம இருங்கம்மா, தானா சரியாயிடும்" என்று சொன்னார். ஒரு மாசம் கை வைக்காமல் இருந்தால் வேலை இருக்குமா? களிம்பை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

டாக்டர் சொன்னதை அவள் நம்பவும் இல்லை. கை அரிக்க ஆரம்பித்த காரணம் தனக்குத் தெரியும் என்று நினைத்தாள். அது ஆறுக்கு விபத்து நடந்த வருஷம்.

ஆறு என்பவள் அவளுடைய தோழி. வலது கையில் கட்டைவிரல் போக மற்ற நான்கும் இல்லை. மிச்சம் இருப்பது ஆறு. ஆலையில் பட்டப்பெயர் வைக்கிறவர்களுக்கு இரக்கம் கிடையாது. அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இருவரும் உருளை மிஷினில் ஜோடி. ஈர விரிப்பின் ஆளுக்கொரு மூலையைப் பிடித்துச் சூடான உருளைகளுக்கு நடுவே செலுத்த வேண்டும். கைக்கும் உருளைக்கும் இடையே ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கை பட்டால் மிஷின் நின்றுவிடும். கனமான விரிப்பு சுருண்டு முட்டினாலும் நின்றுவிடும். அன்று அவசர ஆர்டர். மணிக்கு இருபது தடவை மிஷின் நின்றது. சூப்பர்வைசர் கத்திக்கொண்டே இருந்தார். கறைக்காரி ஒரு பழைய தலையணை உறையைக் கிழித்து, அந்தத் துண்டால் கம்பியை அசையாமல் கட்டினாள். ஆறு அந்த நேரம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்த கால்மணி நேரத்தில் உருளை அவள் கையை இழுத்துக்கொண்டது.

எல்லோரும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, கறைக்காரி கம்பியிலிருந்த துணியை அவிழ்த்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். இன்ஜினியர் வந்து பார்த்தார். கம்பி நன்றாகவே வேலை செய்தது. "பராக்குப் பார்த்துக் கையைக் கொடுத்துட்டா" என்று எழுதி முடித்தார்கள். ஆறும் அதையே நம்பினாள். புருஷனும் அதைச் சொல்லிக் காட்டியே விட்டுப் போனான். முதலாளியம்மா பெரிய மனசு பண்ணி மடிக்கிற வேலை கொடுத்தார்.

அதற்கப்புறம் கறைக்காரி தானே கேட்டுக் கறை மேஜைக்கு மாறிக்கொண்டாள். தினமும் காலையில் உடை மாற்றும் அறையில் ஆறின் சீருடைக்கு ஏழு பட்டன் போட்டுவிடுவாள். சாயங்காலம் ஏழையும் கழற்றிவிடுவாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைப்பாள்.

"கூடப்பிறந்தவகூட இப்படிப் பார்க்கமாட்டா அக்கா" என்பாள் ஆறு.

கறைக்காரி கையைச் சொறிந்துகொள்வாள்.

வருஷத்துக்கு ஒரு தடவை பாய்லர் பழுதுபார்க்க ஆலையை ஒரு வாரம் மூடுவார்கள். மற்ற வருஷங்களில் அந்த வாரமும் கறைக்காரிக்குத் தேங்கிய கறைத்துணிகளை வெளுக்கிற வேலை இருக்கும். இந்த வருஷம் முதலாளியம்மா ஒரு ஏற்பாடு செய்தார். அவரே போய் உடம்பு இளைத்து வந்த ஒரு சுத்திகரிப்பு முகாமின் டீச்சரைக் கூட்டிவந்து, ஆலையின் மாடி ஸ்டோர் ரூமில் ஏழு நாள் நடத்தச் சொன்னார். மருந்தே இல்லாமல் உடம்பிலிருக்கிற நஞ்சு, மனசிலிருக்கிற நஞ்சு இரண்டையும் வெளியேற்றுவதாம். தோல் வியாதி உள்ளவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று நோட்டீசில் போட்டிருந்தது. அதைக் கறைக்காரியின் மேஜைக்கு நேர் எதிரே ஒட்டியிருந்தார்கள்.

"நீ எதுக்குடி வர்ற? உனக்கு என்ன கேடு?" என்று கறைக்காரி கேட்டாள்.

"நீ பட்டினி கிடக்கும்போது எனக்கு மட்டும் சோறு இறங்குமா? அதோட, உன் கை சரியாகிறதை நான்தான் முதல்ல பார்க்கணும்."

ஏழு பேர் சேர்ந்தார்கள். காலையில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் இரண்டு சொம்பு. பிறகு கழிப்பறை வாசலில் வரிசை. மத்தியானம் வெள்ளரிச் சாறு. சாயங்காலம் வயிற்றில் ஈரமண் பற்று. டீச்சருக்கு முதல் நாளே 'தண்ணி டீச்சர்' என்று பெயர் விழுந்தது.

"என் வீட்டுக்காரர் அடிச்சாகூட இவ்வளவு தண்ணி வெளிய வந்ததில்ல" என்றாள் பாய்லர்க்காரர் மனைவி, வரிசையில் நெளிந்துகொண்டே. சிரிக்கவும் பயமாக இருந்தது. சிரித்தால் அடக்க முடியாது.

நாலு மணிக்குக் கொட்டும் நேரம். வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் மனசில் கிடக்கும் அழுக்கைச் சொல்ல வேண்டும். விதி மூன்றுதான். கேட்கிறவர்கள் கேள்வி கேட்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, கேட்டதை வெளியே எடுக்கவும் கூடாது. சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து, "வெளியே போயிடுச்சு!" என்று கத்திக் கைதட்ட வேண்டும்.

கறைக்காரி முதல் நாள் ஒரு ஹோட்டல் துண்டைத் திருடியதைச் சொன்னாள். இரண்டாம் நாள் மருமகள் மேல் இருந்த ஆத்திரத்தைச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள். டீச்சர் உதட்டைப் பிதுக்கினார்.

"இதெல்லாம் தூசிம்மா. உங்க கையைப் பாருங்க. அடியில ஏதோ பெருசா கிடக்கு. அது வராம இது போகாது."

மூன்றாம் நாள் கை முன்னைவிட மோசமாக வெடித்தது. "நஞ்சு மேல வருது" என்று டீச்சர் எல்லோருக்கும் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினார். ஐந்தாம் நாள் காய ஆரம்பித்தது. ஆறாம் நாள் சிவப்பு மங்கி, புதுத் தோல் மெல்லிசாகத் தெரிந்தது.

"அக்கா, பாரேன்!" ஆறு தன் கட்டைவிரலால் அந்தத் தோலைத் தடவிப் பார்த்தாள். "கல்யாணப் பொண்ணு கை மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம்தான். எதுவா இருந்தாலும் கொட்டிரு அக்கா. நாங்க என்ன வெளியாட்களா?"

ஏழு நாளாக வயிற்றில் ஒன்றுமில்லை. தலை காற்றில் மிதந்தது. இன்றைக்குச் சொல்லாவிட்டால் வந்த தோலும் போய்விடும் என்ற பயம் அவளைப் பிடித்துக்கொண்டது. சொன்னால் ஆறு போய்விடுவாளோ என்ற பயமும் இருந்தது. அந்தப் பயம் பதினோரு வருஷப் பழசு. பழகிப்போன பயத்தைவிடப் புதுப் பயத்துக்குத்தான் வேகம் அதிகம்.

கடைசி நாள், கடைசி ஆளாகச் சொன்னாள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அந்தக் கம்பியைக் கட்டினது நான்தான். தலையணை உறைத் துணியால. இவ கை போனப்புறம் அவிழ்த்துட்டேன். இவ பராக்குப் பார்க்கல. இவ மேல ஒரு தப்பும் இல்ல."

கீழே பாய்லரைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

ஆறு வாயைத் திறந்தாள். டீச்சர் விரலை உயர்த்தினார். "பதில் கூடாது. இது ரொம்பப் பெரிய கொட்டல். எல்லாரும் சேர்ந்து!"

"வெளியே போயிடுச்சு!"

கைதட்டினார்கள். விருந்தாளியாக வந்து உட்கார்ந்திருந்த முதலாளியம்மாகூடத் தட்டினார். டீச்சர் ஆறைப் பார்த்து, "நீங்களும் தட்டணும்மா. தட்டினாத்தான் அது இந்த அறையை விட்டுப் போகும்" என்றார். ஆறு இடது கையைத் தூக்கி வலது கையின் மொட்டையில் தட்டினாள். ஒரு தடவை. சத்தமே வரவில்லை.

கறைக்காரிக்கு உடம்பு பஞ்சாகிவிட்டது. அழுகை வந்தது. பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அடிவயிறு வரை மூச்சு இறங்கியது. அந்தச் சுகத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது ஆறு அங்கே இல்லை.

உடை மாற்றும் அறையில் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். கறைக்காரி வாசலிலேயே நின்றாள்.

"லேசா இருக்கா?" என்று கேட்டாள் ஆறு.

பொய் சொல்ல வரவில்லை. "இருக்குடி."

"இருக்கும். ஏன் இருக்காது?" ஆறு தலையாட்டினாள். "என் பொண்ணு ஒரு டம்ளரைக் கீழ போட்டாக்கூட, அம்மா மாதிரி பராக்குப் பார்த்தியான்னு அடிச்சேன். அவ அப்பன் போனதுகூட என் கவனக்குறைவாலன்னு அவகிட்ட நானே சொல்லியிருக்கேன். இதையெல்லாம் இப்ப நான் எங்க கொண்டுபோய்க் கொட்டட்டும்? உனக்குக் கொட்ட ஒரு வாளி வேணும்னா நான்தான் கிடைச்சேனா?"

"மன்னிச்சிரு."

"அந்தத் துணியை என்ன பண்ணின?"

"துவைச்சேன்."

ஆறு சிரித்தாள். நிறுத்த முடியாமல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "துவைச்சியா! நல்லா வெளுத்துச்சா?"

"அடுப்படியில கைப்பிடித் துணியா வச்சிருந்தேன்" என்றாள் கறைக்காரி. கேட்காததற்கும் பதில் சொல்ல நாக்கு பழகியிருந்தது அந்த ஏழு நாளில்.

ஆறின் சிரிப்பு நின்றது. உன் வீட்டில் சாப்பிட வந்தபோதெல்லாம் எனக்குச் சட்டி இறக்கினது அந்தத் துணியாலா என்று அவள் கேட்கவில்லை. கேட்காமலே இருவருக்கும் தெரிந்தது.

அன்று சாயங்காலமே ஆறு சூப்பர்வைசரிடம் போனாள். முகாமில் பேசினதை வெளியே எடுக்கக் கூடாது, அதுதானே விதி என்றார் அவர். விபத்து நடந்த அன்று அவர் கத்தினதைக் கறைக்காரி சொல்லவில்லை என்பதில் அவருக்கு உள்ளூர நிம்மதி. முதலாளியம்மாவிடம் போனாள். "கோபத்தை உள்ள வச்சுக்காதே. அதுவும் நஞ்சுதான்" என்று தோளில் தட்டிக் கொடுத்தார். "அடுத்த வருஷ முகாம்ல உனக்கு முதல் இடம்."

ஆலை மறுபடியும் திறந்த அன்று, கறைக்காரி வழக்கம்போல அரைமணி முன்னாலேயே வந்து உடை மாற்றும் அறையில் காத்திருந்தாள். ஆறு வந்தாள். சீருடையை மாட்டினாள். அதில் பட்டன்களே இல்லை. ஏழையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்திருந்தாள். இடது கைத் தையல். கோணலாக ஓடியது, ஒரு இடத்தில் சொட்டு ரத்தம் காய்ந்திருந்தது. ஒற்றைக் கையால் அழுத்தி மூடிக்கொண்டு வெளியே போனாள். சாயங்காலம் 'சர்ர்' என்று பிரிக்கிற சத்தம் அறையின் அந்தக் கோடி வரை கேட்டது.

அந்த வாரமே அறைச் சுவரில் ஒரு போஸ்டர் வந்தது. முகாமுக்கு முன், முகாமுக்குப் பின் என்று கறைக்காரியின் கைகள் இரண்டு படமாக இருந்தன. கீழே, 'உண்மையைக் கொட்டுங்கள், உடம்பு மலரும்' என்று எழுதியிருந்தது. ஆறின் அலமாரிக்கு நேர் மேலே ஒட்டியிருந்தார்கள். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழுகிறதாம்.

ஆலை திறந்த பதினேழாம் நாள் கை அரித்தது. முதலில் விரல் இடுக்கில், பிறகு மணிக்கட்டில். வார முடிவில் தோல் பழையபடி வெடித்து நின்றது. அப்போதுதான் டாக்டர் சொன்னது அவளுக்கு உறைத்தது. அந்த ஏழு நாளும் அவள் பிளீச்சைத் தொடவில்லை. அவ்வளவுதான். உப்புத் தண்ணீரும் இல்லை, மண்ணும் இல்லை, அவள் சொன்ன உண்மையும் இல்லை. வீட்டில் சும்மா படுத்துக் கிடந்திருந்தாலே போதும்.

தண்ணி டீச்சருக்குப் போன் பண்ணினாள். அவர், "உள்ள இன்னும் ஏதோ தங்கியிருக்கும்மா. அடுத்த முகாமுக்கு வாங்க" என்றார்.

அன்று சாயங்காலம் போஸ்டருக்குக் கீழே நின்று, ரத்தம் வரச் சொறிந்துகொண்டிருந்தாள். பின்னால் 'சர்ர்' என்றது. ஆறு உடையை மடித்து அலமாரியில் வைத்தாள். சுவரிலிருந்த கையைப் பார்த்தாள். எதிரில் இருந்த கையைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தாள். அக்கா என்ற சொல் அதில் இல்லை.

"இன்னும் என்ன மிச்சம் வச்சிருக்க?"

பதிலுக்கு நிற்கவில்லை. அலமாரியைப் பூட்டிவிட்டு, சாவியைக் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.