தறி நின்ற தெருவில் ரேடியோ

1. திங்கட்கிழமை, தறித் தெருவின் கிழக்குப் பாதியைப் புது டிரான்ஸ்பார்மருக்கு மாற்றினோம். லைன்மேன் செல்லையா அண்ணாச்சி அன்று லீவு.
2. ஆபீஸ் சுவரிலுள்ள லைன் படத்தில் அதைக் குறிப்பது என் வேலை. குறிக்கவில்லை.
3. வியாழன் காலை அண்ணாச்சி அந்தப் படத்தைப் பார்த்து, பழைய டிரான்ஸ்பார்மரை அணைத்துவிட்டு, கிழக்குப் பாதியில் ஒரு கம்பத்தில் ஏறினார்.
4. நான் ஆபீசுக்கு நடந்து வந்துகொண்டிருந்தேன்.

சங்கரன்கோவில் மின்சார ஆபீசில் ஜூனியர் இன்ஜினியராகச் சேர்ந்து எனக்கு அது ஏழாவது மாதம். வீட்டிலிருந்து இருபது நிமிட நடை. பூக்கடைகளில் மல்லிகை மூட்டை அவிழ்க்கும் மணம், பிறகு தறித் தெருவில் கஞ்சி போட்ட பாவு நூலின் வாசனை. எட்டரைக்குத் தறிக்காரர்கள் சாப்பிடப் போவார்கள். தடதடப்பு அடங்கும். அதுவரை அமுங்கிக் கிடந்த சிலோன் பாட்டு ஒரு தறிக்கூடத்திலிருந்து வெளியே வரும். அந்த நேரத்துக்கு அங்கே இருக்கும்படிதான் வீட்டிலிருந்து கிளம்புவேன்.

அன்றும் பாட்டு வந்தது. பத்தடி ரசித்துக்கொண்டே நடந்தேன். பிறகுதான் உறைத்தது. அது பேட்டரி ரேடியோ இல்லை. சுவரில் வயர் செருகிய பழைய வால்வு ரேடியோ. அன்று எட்டரைக்குக் கம்ப வேலைக்காக அங்கே லைனை அணைப்பதாக இருந்தது. அணைத்த தெருவில் அது எப்படிப் பாடும்?

நிமிர்ந்தேன். அண்ணாச்சி இடுப்புக் கயிற்றை மாட்டிவிட்டு, கம்பியை நோக்கிக் கையை உயர்த்திக்கொண்டிருந்தார். ஓடினேன். கத்தினால் தடுமாறிவிடுவார் என்று பயந்து, கம்பத்தடியில் நின்று சாதாரணக் குரலில் சொன்னேன்.

"அண்ணாச்சி, கையைக் கீழ விடுங்க. லைன்ல கரண்ட் இருக்கு."

"தறி நின்னுட்டுல்லா மேடம்?"

எங்கள் லைன்மேன்கள் டெஸ்டரைவிடத் தறியைத்தான் நம்புவார்கள். சத்தம் நின்றால் கரண்ட் நின்றது என்று அர்த்தம்.

"சாப்பிடப் போயிருக்காங்க. ரேடியோ பாடுது, கேளுங்க."

அவர் ஒரு வரி முழுக்கக் கேட்டார். கை மெல்லக் கீழே வந்தது. இறங்கி உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு மேடம். ரெண்டு நிமிசம் கழிச்சு வந்திருந்தியன்னா எனக்குத்தான் கேட்டிருக்காது."

படத்தைத் திருத்தாதது நான்தான் என்று சொன்னேன். மேலதிகாரிக்கு எழுதிய அறிக்கையில் அதையே முதல் வரியாக வைத்தேன். மெமோ வந்தது.

இப்போது எங்கள் ஆபீசில், கம்பியில் மிச்சக் கரண்டை மண்ணுக்கு இறக்கும் எர்த் ராடு மாட்டாமல் யாரும் கை வைப்பதில்லை. நான் அதே தெரு வழியாகத்தான் நடக்கிறேன். எட்டரைக்குப் பாட்டு வந்ததும் முதலில் கம்பங்களைப் பார்க்கிறேன், பிறகு கேட்கிறேன். தெருவின் கிழக்குப் பாதி புது டிரான்ஸ்பார்மரில் இருக்கிறது. படத்திலும் அப்படியே இருக்கிறது.