கைடு கட்டிய கை

பிளவக்கல் அணையில் மீன் பிடிக்க நானே ஒரு ராடு செய்ய உட்கார்ந்தேன். தூண்டில் நரம்பு ஓடுகிற கைடு வளையங்களைக் கம்பின் மேல் வைத்து நூலால் சுற்ற வேண்டும். நான் சுற்றியது ஓரிடத்தில் மேலே ஏறியது, ஓரிடத்தில் பல்லிளித்தது. எரிச்சலில் கம்பை மூலையில் சாத்திவிட்டேன்.

ஸ்பின்னிங் மில்லில் ஷிப்ட் முடிந்து வந்த என் மனைவி, நான் சுற்றிய அம்புட்டையும் பிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. நூலை ஒரு தடித்த புத்தகத்துக்குள் கொடுத்து விறைப்பாக்கிக்கொண்டு, கம்பை மட்டும் மெல்ல உருட்டினாள். இழையை ஒட்டி இழை படுத்தது. கடைசியில் முடிச்சே போடவில்லை. நுனியைச் சுற்றுக்கு அடியிலேயே இழுத்து மறைத்துவிட்டாள்.

“முடிச்சு போட்டா தடிக்கும். மில்லுல அதை வேஸ்ட்டுனு வெட்டி எறிஞ்சிருவோம்” என்றாள்.

நகத்தால் தடவிப் பார்த்தேன். எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. கோபம் போன இடமும் தெரியவில்லை.

அணையில் பெரிய மீன் ஒன்று மாட்டியது. ராடு வில்லாக வளைந்தும் ஓர் இழை நகரவில்லை. ஆனால் நரம்பை இழுத்தால் நுனியில் மீனும் இல்லை, கொக்கியும் இல்லை.

வீட்டுக்கு வந்து அவளிடம் சொன்னேன்.

“கைடு எல்லாம் இருக்குல்ல?”

“இருக்கு.”

“அப்ப கொக்கிக்கு முடிச்சு போட்டது யாரு?”