செம்புக் குழாயும் என் மூக்கும்

எங்கள் சித்தப்பாவுக்கு மூக்கு இருந்தது, வாசனைதான் தெரியாது. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது என்பார்கள். சாம்பார் அடிப்பிடித்தாலும், பக்கத்து வீட்டில் டுரியான் பழம் வெட்டினாலும் அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்டவர் பெட்ரோல் ஒழுகும் கார் ஒன்றை வாங்கி வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

எழுபதுகளின் கடைசி அது. சிங்கப்பூர் ஃபேரர் பார்க்கில் அடுக்குமாடி புளோக் ஒன்றில் இருந்தோம். நாட்டைவிட்டுக் கிளம்பிப்போன ஒரு வெள்ளைக்காரரின் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைச் சித்தப்பா வாங்கினார். துணிக் கூரை, இரண்டே இருக்கைகள். அவர் அதைக் கொண்டுவந்து கீழே நிறுத்தியபோது புளோக்கே எட்டிப் பார்த்தது. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்ததும் பெட்ரோல் நெடி குப்பென்று அடித்தது. நான் சொன்ன பிறகுதான் சித்தப்பா குனிந்து பார்த்தார். பின்னாலிருந்த டாங்கிலிருந்து முன்னாலிருந்த எஞ்சின்வரை காருக்கு அடியில் ஓடிய இரும்புக் குழாய் துருப்பிடித்து, தொட்ட இடமெல்லாம் பொடியாக உதிர்ந்தது.

அம்மா உடனே ஒரு சட்டம் போட்டார். கோயில் வாசலில் நிறுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டிப் பூஜை போடும்வரை, ஓட்டுகிறவரைத் தவிர நம் வீட்டு ஆட்கள் யாரும் அதில் ஏறக்கூடாது. ஆனால் ஒழுகும் பெட்ரோலுக்குப் பக்கத்தில் சூடம் கொளுத்தினால் காரோடு ஐயரும் போய்ச் சேர்ந்துவிடுவார். ஆகவே முதலில் குழாய், பிறகு பூஜை, அதன் பிறகு சவாரி. பக்கத்து இருக்கையில் முதலில் உட்காரப்போவது நான்தான் என்று சித்தப்பா கையடித்துச் சத்தியம் செய்திருந்தார். பள்ளிக்கூடத்தில் அதை நான் சொல்லாத ஆள் இல்லை.

குழாய் வேலை சீக்கிரம் முடிவதாக இல்லை. கல்யாணத்துக்காக ஜொகூரிலிருந்து வந்திருந்த பெண்களின் படங்களை அம்மா காட்டும்போதெல்லாம், கார் வேலை முடியட்டும் என்று சித்தப்பா நழுவுவார். இதற்கிடையில் மேல்மாடி நர்ஸ் அக்கா உதவிக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் மின்தூக்கியில் ஏறி இறங்கினால் லாவண்டர் பவுடர் வாசனை அடுத்த ஆள் ஏறும்வரை அங்கேயே நிற்கும். வீட்டில் சும்மா கிடந்த ரப்பர் குழாய் ஒன்றை அவர் கொண்டுவந்து கொடுத்தார். சித்தப்பா அதைப் பூ மாதிரி வாங்கி மாட்டினார். பெட்ரோல் பட்டதும் அது உப்பி, நனைந்த அப்பளமாகத் தொளதொளத்துப் போனது. அப்பா சிரித்தார். சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“குழாய் நல்ல குழாய்தான் லா. பெட்ரோல்தான் சரியில்லை.”

பிறகு அவரே சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ஏர்கான் வேலைக்கான செம்புக் குழாய்ச் சுருள் ஒன்றை வாங்கிவந்தார். டாங்கைக் காலி செய்து, துருக்குழாயைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டார். செம்பை வெறுங்கையால் வளைத்தால் நசுங்கிவிடுகிறது என்று இரண்டு துண்டுகளைப் பாழாக்கிய பிறகு தெரிந்துகொண்டு, பால் டின்னைச் சுற்றி மெதுவாக வளைத்தார். ஒவ்வொரு இணைப்பையும் முடுக்கியதும் என்னைக் கூப்பிடுவார். நான் கார் பார்க்கில் குப்புறப் படுத்து மோந்து பார்ப்பேன். இங்கே வருகிறது என்றால் மறுபடி முடுக்குவார். எனக்கு அதில் பெருமை தாங்கவில்லை. அவருடைய மூக்கு நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சோதனை ஓட்டம் என்று அவர் மட்டும் பொங்கோல் கடற்கரைவரை போனார். இருட்டும் நேரத்தில்தான் திரும்பினார். எஞ்சின் நன்றாகச் சூடாக வேண்டாமா என்றார். புளோக்கிலேயே சந்தோஷமான மனிதர் அன்றைக்கு அவர்தான். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வெள்ளிக்கிழமை பூஜை என்று ஐயரிடம் சொல்லியாகிவிட்டது.

வியாழன் மாலை அம்மா கீழே வந்தார். சித்தப்பா சொல்வதை நம்ப அவர் தயாராக இல்லை. என் மூக்கைத்தான் நம்பினார். ஏறி உட்காராமல் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்க்கச் சொன்னார். நான் முன்னும் பின்னும், கடைசியில் பக்கத்து இருக்கையிலும் முகத்தைப் புதைத்து மோந்தேன்.

“பெட்ரோல் வாசனை இல்லம்மா. நர்ஸ் அக்கா பவுடர் வாசனைதான் வருது.”

சித்தப்பாவின் கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது. தன் காரில் அப்படி ஒரு வாசனை நான்கு நாளாக இருந்தது அவருக்கு எப்படித் தெரியும், பாவம். அப்பா ஏதோ அவசரமாக டயரைப் பார்க்கக் குனிந்தார்.

“பூஜைக்கு முன்னாடி யாரையும் ஏத்தக்கூடாதுன்னு சொன்னேன்ல, தம்பி?” என்றார் அம்மா.

“நம்ம வீட்டு ஆளுங்களத்தான சொன்னீங்க அண்ணி. அவங்க இன்னும் நம்ம வீட்டு ஆள் இல்லையே.”

அம்மாவுக்குக் கோபம் வந்தால் குரல் உயரும். அன்று உயரவில்லை.

“சரி. நாளைக்கு அந்தப் பொண்ணையும் வரச் சொல்லுங்க.”

என் கோபத்தை யாரும் கவனிக்கவில்லை. கையடித்துச் சத்தியம் செய்துவிட்டு, அம்மாவின் சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்து, என் இடத்தில் வேறு ஆளை உட்காரவைத்துவிட்டாரே! அம்மாவும் திட்டாமல் விருந்தாளி மாதிரி அழைக்கிறாரே என்று ஆத்திரமாக வந்தது.

மறுநாள் கோயில் வாசலில் சூடம் எரிந்தது. யாரும் வெடித்துச் சிதறவில்லை. எலுமிச்சம்பழம் நசுங்கியது. நர்ஸ் அக்கா கொஞ்சம் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். எல்லாருக்கும் குங்குமத் தட்டை நீட்டிக்கொண்டு வந்த அம்மா, அவர் முன்னால் வந்ததும் தட்டை அப்பாவிடம் கொடுத்துவிட்டார். தன் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி, அக்காவைத் திருப்பி நிற்கவைத்து, அவர் கூந்தலில் தானே வைத்துவிட்டார். சித்தப்பா காரைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

என் இடத்தையும் எடுத்துக்கொண்டு, எங்கள் அம்மாவின் பூவையும் வாங்கிக்கொண்டாரே என்று நானும் அழுதேன். சூடப் புகை பட்டுவிட்டது என்று அப்பா என் கண்ணை ஊதிவிட்டார்.